கழுவாத தட்டு

அக்கா இதய மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது என்று அத்தான் சொன்னார். அதற்குப் பதிலாகக் காளான் பொடியைக் கரைத்துக் குடிக்கிறாளாம். பொட்டலத்தின் பின்பக்கம் ஒரு வரைபடம். அது நான் போட்டது.

ஆய்வகத்தில் செல் வளர்ப்பது என் வேலை. தட்டில் வளரும் செல்கள்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் செத்துப்போகும். காளானிலிருந்து எடுத்த பாலிசாக்கரைடு என்ற சர்க்கரைப் பொருளை முந்தின நாளே கொடுத்துவைத்தால் பிழைத்துக்கொண்டன. அதைத்தான் வரைந்தேன். ஆய்விதழில் கட்டுரையாகவும் வந்தது. பேராசிரியர் அதைப் பொடிக்காரனிடம் கொண்டுபோனார். அவன் 'செல்களைக் காக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று தமுக்கடித்துவிட்டான். தட்டில் கிடக்கும் செல்லுக்கும் மனுஷியின் இதயத்துக்கும் எவ்வளவு தூரம் என்று எவனும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

ஆத்திரத்தோடு அதே சோதனையைத் திரும்பச் செய்தேன். இந்தத் தடவை பெராக்சைடு ஊற்றுமுன் தட்டை இரண்டு முறை கழுவி, மிதந்த பாலிசாக்கரைடை எடுத்துவிட்டேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. கழுவினால் செல்கள் கொஞ்சம் உரிந்து வரும், வரைபடம் கோணலாகும் என்று அன்றைக்கு விட்டிருந்தேன். மறுநாள் பார்த்தால் அத்தனை செல்லும் செத்துக் கிடந்தன. ஆக, அது செல்லுக்குள் எதையும் காக்கவில்லை. மேலே நின்ற திரவத்திலேயே பெராக்சைடைத் தீர்த்துக்கட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

பேராசிரியரிடம் தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"கழுவாம செய்றதுதான் நம்ம முறைன்னு எழுதியாச்சு. இப்ப எதுக்கு இதக் கிளறுற?"

"அது முறை இல்ல சார், தப்பு. என்னோட தப்பு. பொடிய நிறுத்தச் சொல்லுங்க."

"பொடி யாரையும் கொல்லாதும்மா."

பொடி கொல்லாது, விட்ட மாத்திரை கொல்லும். அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி இதழுக்கு எழுதி அனுப்பிவிட்டு, நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாலு துணிக்கே மூச்சு வாங்கியது. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லி, பேராசிரியரையும் பொடிக்காரனையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்து, "அந்த ஃபிராடுப் பயல எப்படிக்கா நம்புன?" என்றேன்.

"அவன யாரு நம்புனா? படத்துக்குக் கீழ பொடி எழுத்துல உன் பேரு இருந்துச்சு. அதப் பாத்துதான் மாத்திரைய விட்டேன்."