லிஃப்டில் ஏறிய மீன்

பல் டாக்டர் புதிதாக ஒரு தூண்டில் வாங்கியிருந்தார். ரீலிலிருந்து தூண்டில் நரம்பு ஓடுவதைக் கட்டுப்படுத்தும் டிராக் திருகை எவ்வளவு இறுக்குவது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. மூன்றாம் மாடியில், வீட்டு வாசலில் கம்போடு நின்றுகொண்டு நரம்பின் நுனியை மச்சினியிடம் கொடுத்தார்.

"நீதான் மீன். நல்லா இழு."

அவள் இழுத்தாள். நரம்பு பட்டென்று அறுந்தது.

"மாமா, பிடுங்குறதுக்கு இது பல்லு இல்ல. கொஞ்சம் விட்டுக்குடுங்க."

திருகைத் தளர்த்தி, நரம்பை மறுபடி கொடுத்தார். இப்போது அவள் இழுக்க இழுக்க ரீல் கரகரவென்று நரம்பை விட்டது. டாக்டர் பூரித்துப்போனார். அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறந்தது. மீன் குறும்பாகச் சிரித்தபடி நரம்போடு உள்ளே ஏறிக்கொண்டது. லிஃப்ட் இறங்கியதும் ரீல் அலறியது.

"ஐயோ, முழுசும் போகுதே!" என்று அவர் திருகை இறுக்கப் போனார். ஓடிவந்த மனைவி அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"சும்மா இருங்க, ஓடட்டும். இறுக்குனா அறுந்துடும்."

கீழ்த்தளத்தில் லிஃப்ட் நின்றது, நரம்பு அறுந்துவிடவில்லை. அது திரும்ப மேலே வர, டாக்டர் வியர்க்க வியர்க்கச் சுற்றி மச்சினியைக் கரைசேர்த்தார்.

லிஃப்டையே இழுத்துக்கொண்டு வந்ததாக இப்போது எல்லாரிடமும் சொல்கிறார்.

"ரீல் விடாதீங்க" என்கிறாள் மனைவி.

"விட்டதாலதான்டி பிடிச்சேன்!"