பின் அச்சில் கசிந்த எண்ணெய்

துய்ரே ஓலு நகரத்துக்குப் போவதென்று முடிவெடுத்த அன்றோடு வீட்டில் சண்டை நின்றுபோனது. அவள் கணவன் ரௌனோவுக்கு அதுதான் தாங்கவில்லை. அவள் கத்தினால் பதிலுக்கு அவனும் கத்தியிருப்பான். அவளோ அலமாரியை ஓசையில்லாமல் காலி செய்தாள். காப்பி போட்டால் அவனுக்கும் சேர்த்தே போட்டாள்.

போன இலையுதிர் காலத்தில் அவள் அம்மா கயானி நகர ஆஸ்பத்திரியில் கண்மூடியபோது ரௌனோ கடமான் வேட்டைக் கூட்டத்தோடு காட்டில் இருந்தான். போனை அணைத்து வைத்திருந்தான். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க விறகு பிளந்து அடுக்கினான், கூரையில் பனி சேரவிடாமல் தள்ளினான், அவள் கேட்காத வேலையையெல்லாம் செய்தான். மன்னிப்பென்ற ஒரு வார்த்தை மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை. காத்திருந்து காத்திருந்து அவள் ஓலுவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை தேடிக்கொண்டாள். அவள் அக்காவின் வீடும் அங்கேதான்.

போவதற்கு அவளுடைய பழைய நீலக் கார் இருந்தது. அதன் பின்சக்கரங்களுக்கு நடுவே தொங்கும் டிஃபரென்ஷியலில்தான் கோளாறு. இன்ஜினின் சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் அந்த இரும்புக் குடம் எண்ணெய்ப் பசையும் சேறுமாக அப்பிக் கிடந்தது. கார் நின்ற இடமெல்லாம் கறுப்புச் சொட்டு. உள்ளே எண்ணெய் வற்றினால் பற்கள் ஒன்றையொன்று தின்று, ஓட்டத்திலேயே சக்கரம் இறுகிவிடும்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ண முடியுமா? இல்லன்னா சொல்லிடு, ஒர்க்‌ஷாப்ல விட்டுக்கறேன்" என்றாள் துய்ரே.

"நானே பண்றேன்."

பக்கத்துப் பண்ணை அர்மாஸ் பெரிய ஜாக்கியை இழுத்துக்கொண்டு வந்தான். இருவருமாக காரைத் தாங்கிகளில் ஏற்றி, தண்டுகளைக் கழற்றி, குடத்தை மெல்லக் கீழே இறக்கினார்கள்.

"பொண்டாட்டி உட்டுட்டுப் போறதுக்கு வண்டியத் தயார் பண்ணிக் குடுக்கற மொத ஆளு நீதான்டா" என்றான் அர்மாஸ். "என் வீட்ல அப்படி ஒரு நெலம வந்தா நாலு டயரயும் கழட்டிக் கெணத்துல போட்ருவேன்."

"அந்தப் பக்கத்தப் பிடிடா மொதல்ல. காலு நசுங்கப்போவுது."

அர்மாஸ் மாடுகளைப் பார்க்கப் போனதும் ரௌனோ தனியாக உட்கார்ந்து வேலை பார்த்தான். தண்டுகளைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான, இறுகிப்போன ஆயில் சீல்களை நெம்பி எடுத்துவிட்டுப் புதியவற்றின் உதட்டில் எண்ணெய் தடவி, சாயாமல் தட்டி இறக்கினான். பின்மூடியில் ஒட்டியிருந்த பழைய பசையை உலோகத்தில் கீறல் விழாமல் சுரண்டினான். பிறகு மூடியும் குடமும் சேரும் இரண்டு முகங்களையும் கரைப்பானால் துடைத்தான். அந்த இடத்தில் எண்ணெயின் நிழல்கூட இருக்கக் கூடாது. இருந்தால் பசை பிடிக்காது.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. ஒரு விரல் எண்ணெய் போதும். மூடியின் ஓரத்தில் லேசாக ஒரு தடவல். வீட்டைச் சுற்றி ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. ஓலு போகும் வழியில் வாலா ஊரைத் தாண்டும்போது சொட்டத் தொடங்கும். அவள் வண்டியை ஓரங்கட்டி அவனைத்தான் கூப்பிட்டாக வேண்டும். அவன் போய் இழுத்து வருவான்.

அவன் விரல் எண்ணெய்த் தட்டில் தோய்ந்திருந்தது. எப்போது தோய்த்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. விரல் நுனியில் பளபளப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வாலாவுக்கு அப்பால் காடுதான். சாலையில் பனி உறையத் தொடங்கும் பருவம். பின்சக்கரம் இறுகினால் கார் எந்தப் பக்கம் திரும்பும் என்று யோசித்தான். கந்தையில் விரலைத் துடைத்தான். இரண்டு முகங்களையும் மறுபடி துடைத்தான். போல்ட் துளைகளுக்கு உட்புறமாக ஒரே கோடாகப் பசையிட்டு, மூடியைப் பொருத்தி, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். பசை காயட்டும் என்று அன்று இரவு முழுக்க அதைத் தொடவில்லை.

மறுநாள் அர்மாஸின் உதவியோடு குடத்தை மேலேற்றிப் பூட்டி, நிரப்பும் துளையின் விளிம்பில் வழியும்வரை புது எண்ணெய் ஊற்றினான். துய்ரே கடைக்குப் போய்வர காரை எடுத்தாள். திரும்பி வந்து நிறுத்தியபோது முற்றத்தில் மெல்லிய பனி பெய்திருந்தது. அதன்மேல் பழுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"வேணும்னே பண்ணியா?"

"இல்ல."

"ரௌனோ, நீ ஒரு வண்டியச் சரியாச் செய்யாம விட்டு நான் பாத்ததில்ல. இன்னிக்கு மட்டும் ஏன்?"

இரண்டாம் முறை துடைத்தபோது ஒரு மூலையை விட்டிருப்பானோ? கை அவனை மீறி ஏதாவது செய்திருக்குமோ? டார்ச்சை எடுத்துக்கொண்டு ஈரத்தரையில் காருக்கு அடியில் நுழைந்தான்.

மூடியின் விளிம்பு முழுக்கக் காய்ந்திருந்தது. அவன் ஒட்டியதில் தவறில்லை. கசிவு பக்கவாட்டில், புது சீல்களின் உதட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. உள்ளிருந்து ஏதோ தள்ளுகிறது. குடத்தின் தலையில் மூச்சுவிட ஒரு சின்னத் துளை உண்டு. ஓடிச் சூடாகும்போது உள்காற்று அதன்வழியே வெளியேற வேண்டும். விரலால் தேடினான். சேறு கல்லாக இறுகி அதை அடைத்திருந்தது. குடத்தைக் கழுவியபோது அந்த இடம் அவன் கண்ணில் படவில்லை.

"கம்பி ஒண்ணு எடுத்துக் குடு" என்று கத்தினான்.

துய்ரே கொடுத்தாள். சேற்றைப் பெயர்த்ததும் நீளமாக ஒரு சீறல். வெளியே நின்ற அவளுக்கும் கேட்டது.

"என்ன சத்தம் அது?"

"அடைச்சிருந்த காத்து. போக வழியில்லாம எண்ணெயத் தள்ளியிருக்கு. இதப் பாக்காம விட்டது என் தப்பு."

சீல்களைச் சுற்றித் துடைத்து, குறைந்த எண்ணெயை நிரப்பினான். கூமோ ஊருக்குப் போகும் சாலையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது அவளும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவன் ஏரிக்கரை வரை ஓட்டினான்.

"நெனச்சேன்" என்றான் அவன் திடீரென்று. "நேத்து. மூடி ஓரத்துல கசிய விட்டுடலாமான்னு. விரல்ல எண்ணெயத் தொட்டுட்டேன்."

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வழியில எனக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"தெரியும். அதான் தொடச்சிட்டேன்."

"ஒன்ன நெனச்சா பயமாயிருக்கு" என்றாள். பிறகு, "இதையாவது வாயத் தொறந்து சொன்னியே" என்றாள்.

"அம்மா விஷயத்துலயும் நான் தப்பு பண்ணிட்டேன், துய்ரே. மன்னிச்சிடு."

அவள் அழுதாள். அவன் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவளைத் தொடப் போவான் என்றும், அவள் விலகுவாள் என்றும் அவனுக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து காருக்கு அடியில் அட்டையை விரித்தார்கள். சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தபோது அட்டையில் ஒன்றும் விழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். ரௌனோ பெட்டிகளை ஏற்றினான். அர்மாஸ்கூட அன்று வேடிக்கை பேசவில்லை. மாலையில் போன் வந்தது.

"வந்து சேந்துட்டேன். கீழயும் பாத்துட்டேன், ஒண்ணுமில்ல."

"நான் ஒருநாள் அங்க வரட்டுமா?"

மறுமுனையில் யாரோ தட்டுகளை எடுத்துவைக்கும் ஓசை கேட்டது.

"இப்ப வேணாம், ரௌனோ" என்றாள். "எப்பன்னு எனக்கே தெரியல."

"சரி" என்றான். வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவன் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் போனை வைத்துவிட்டாள்.