நாத்தனார் கொடுத்த பூஜாடி

என் நாத்தனாருக்குக் கண்ணாடியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் என் மாமனார் தன் சேகரிப்பிலேயே உசத்தியான ஜோடியைப் பிரித்து, மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சாக்கிலாவது நாங்கள் ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போய்வருவோமாம். மனுஷனுக்கு எவ்வளவு நல்ல மனசு!

பால் வெள்ளைக் கண்ணாடியில் செய்த பழைய பூஜாடிகள். வாயைச் சுற்றித் தங்க விளிம்பு, வயிற்றில் கையால் வரைந்த நீலப் பறவை. என்னுடையது வலது பக்கம் பார்க்கும், அவளுடையது இடது பக்கம். சேர்த்து வைத்தால் இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்ளும். அதுதான் அந்த ஜோடியின் அழகே. விளிம்பின் தங்கம் சூளையில் சுட்டது. பறவை அப்படியல்ல, சுடாத பெயிண்ட். ஈரத்துணி பட்டாலே உரிந்துவிடும். அவளோ அதை டிவி பக்கத்தில் வைத்து, உள்ளே சாவிக்கொத்தைப் போட்டுவைத்திருந்தாள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என்னிடம் கொடுத்துவிடு என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இந்த வருஷம் எங்கள் சேகரிப்பாளர் சங்கத்துக் கண்காட்சியில், ஜோடி முழுசாக இருந்தால் நடு அலமாரி எனக்கு என்று செயலாளர் சொல்லிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நாத்தனாருக்குப் போன் செய்தேன்.

"அதுக்கென்ன அண்ணி, நானே கொண்டு வரேன்" என்றாள்.

அவள் குழைந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

துண்டில் சுற்றிய ஜாடியோடு மண்டபத்துக்கு வந்தாள். செயலாளர் அலமாரிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். என்னுடையதை இடப்பக்கம் வைத்தேன். அவள் தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பறவையும் வலது பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன.

செயலாளர் லென்ஸை எடுத்துக் குனிந்தார். "கண்ணாடி பழசுதான்மா. விளிம்பும் அசல். பறவை மட்டும் புதுசு. இப்பத்தான் வரைஞ்சிருக்காங்க."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"கழுவித் தொலைச்சியா? ஈரம் படக்கூடாதுன்னு தலையில அடிச்சுக்கிட்டேனே! குடும்ப குரூப்ல நான் போட்ட போட்டோவைக் காட்டி எவன்கிட்டயோ வரைஞ்சு வாங்கியிருக்கே. அந்த மடையன் என் ஜாடியை அப்படியே காப்பியடிச்சு வச்சிருக்கான்!"

"அவர் மேல தப்பில்ல அண்ணி. பறவையை இடது பக்கமாத் திருப்பி வரையட்டுமான்னு கேட்டார். நான்தான் இப்படியே இருக்கட்டும்னேன்." துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள். "கழுவவும் இல்ல. பெயிண்ட் தின்னர் போட்டுத் துடைச்சேன். உக்காந்து, பொறுமையா."

"உனக்கென்ன பைத்தியமா?"

"ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிக்கிறேன், நீங்க கட்டில் பக்கத்துல நிக்கிறீங்க. வலிக்குதான்னு கேக்கல. 'உனக்கு ஏதாவது ஆயிட்டா அந்த ஜாடி யாருக்கு?'ன்னு கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. கேட்டேன்தான். அவள் புருஷன் அதைப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டால் யார் பதில் சொல்வது? அதையே அவளிடமும் கத்தினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. செயலாளர் சத்தம் போடாமல் 'ஜோடி' என்று எழுதியிருந்த அட்டையை எடுத்துக்கொண்டு போனார்.

"கத்தாதீங்க அண்ணி. ரெண்டும் வேணும்னுதானே கேட்டீங்க? நீங்களே வச்சுக்கோங்க." சொல்லிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

இப்போது இரண்டும் என் வீட்டு அலமாரியில்தான். என் பறவை அவள் பறவையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இடம் மாற்றி வைத்தால், அவளுடையது என்னுடையதைத் துரத்திக்கொண்டு வருகிறது. "பிடிக்கலைன்னா போட்டு உடைச்சுடேன்" என்கிறார் என் வீட்டுக்காரர். அசல் கண்ணாடி, அசல் தங்கம், எப்படி உடைப்பேன்? எனக்குக் கை வராது, தினமும் அதன் முகத்தில்தான் முழிப்பேன் என்று தெரிந்தேதான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், பாவி.