குழிக்குள் தள்ளிய பொம்மை

ஆறு அந்த மேட்டில் ஒரு பாறையில் முட்டி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி எல்லா அருவியையும்போல ஒழுங்காகக் கீழே விழுகிறது. மறுபாதி, பாறையில் வாய் பிளந்திருக்கும் ஒரு குழிக்குள் இறங்கிப் போயே போய்விடுகிறது. கடலுக்குப் போகிறது, பாதாளத்துக்குப் போகிறது என்று ஆளுக்கொரு கதை. கதை கேட்க வருகிறவர்களை நம்பித்தான் அண்ணியின் விடுதி ஓடிக்கொண்டிருந்தது.

நிலவியல் துறையில் வேலை பார்க்கும் நாத்தனாருக்கு அண்ணி வைத்த பெயர் ‘கல்லு டாக்டர்’. “சிறுநீரகக் கல்லா எடுக்கிறாங்கன்னு கேக்கிறாங்க, நான் என்ன சொல்லட்டும்?” என்று எல்லார் முன்னாலும் குத்துவாள். கல்லு டாக்டரும் சளைத்தவளில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அண்ணன் அந்தக் குழியில் போய்விட்டான்; செருப்பு மட்டும் விளிம்பில் கிடந்தது. அண்ணிதான் தள்ளிவிட்டாள் என்று அம்மாவும் மகளும் அன்றே தீர்மானித்துவிட்டார்கள். வெறுப்புக்கு ஆதாரம் எதற்கு? அண்ணனின் எலும்பைத் தேடி எடுத்து அம்மா கையில் கொடுக்க வேண்டும், அதை வைத்து அண்ணியை நாலு பேர் முன்னால் நிறுத்த வேண்டும். அதற்காகவே லீவு போட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“சுண்ணாம்புப் பாறையா இருந்தா தண்ணி கரைச்சுக் கரைச்சுக் குகை பண்ணியிருக்கும்,” என்றாள், அருவிக்குக் கீழே குட்டையில் அளவுக் கருவியோடு நின்றபடி. “இது எரிமலைக் குழம்பு ஆறி இறுகின பாறை. ரொம்ப தூரம் ஓட உள்ள வழியே கிடையாது. மேல வர்ற தண்ணி அத்தனையும் கீழயும் ஓடுது, அளந்துட்டேன். குழித் தண்ணி இந்தக் குட்டைக்கு அடியிலதான் வெளிய வருது. உங்க பாதாளமெல்லாம் சும்மா, அண்ணி.”

“என் பொழப்புல மண்ணைப் போடாத. இதோட நிறுத்திக்க.”

அண்ணியின் குரல் இறங்கியிருந்தது. பயந்துவிட்டாள் என்று கல்லு டாக்டருக்கு உள்ளூரக் குஷி.

அவள் நிறுத்தவில்லை. விடுதியின் கிழிந்த மெத்தையை வெட்டி, கட்டையும் கொஞ்சம் மணலும் திணித்து, கை கால் வைத்து, அண்ணன் உயரத்துக்கும் எடைக்கும் ஒரு பொம்மை தைத்தாள். அது உள்ளே சிக்கினால் அண்ணனும் அங்கேதான் சிக்கியிருக்கிறான். துறையிடம் சொல்லி ஆள் இறக்கலாம். மறுநாள் காலை அதைக் குழிக்குள் தள்ளிவிட்டுப் படிகளில் தடதடவென்று இறங்கிக் குட்டைக்கு ஓடிவந்தாள்.

அவளுக்கு முன்பே அது வந்து மிதந்துகொண்டிருந்தது. ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

கரையில் படுக்கை விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருந்த அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“உள்ள போனது வெளிய வந்துடும், அப்படித்தானே? அப்ப உன் அண்ணன் எங்கடி?”

கல்லு டாக்டர் மிதக்கும் பொம்மையைப் பார்த்தாள். அண்ணி விடவில்லை.

“சாகப் போறவன் செருப்பை விட்டுட்டுப் போவான், சரி. ஷேவிங் செட்டை எதுக்கு எடுத்துட்டுப் போனான்? புது ஷூவை எதுக்கு மாட்டிட்டுப் போனான்? புருஷன் விட்டுட்டு ஓடினவங்கற பேருக்கு, புருஷனை முழுங்கினவங்கற பேரே தேவலைன்னு இருந்துட்டேன். அத்தையும் தாங்க மாட்டாங்க. உனக்குத்தான் பொறுக்கலை.”

விடுதி மாடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “கிடைச்சானாடி?”

கல்லு டாக்டர் தண்ணீரில் இறங்கி, பொம்மையைக் காலால் அடியில் அழுத்தினாள். “இல்லம்மா. தண்ணி எங்க போகுதுன்னே தெரியலை.”

“உனக்கு எப்படித் தெரியும்? தள்ளிவிட்ட பாவியைக் கேளு! நாசமாத்தான் போவா!” அம்மா ஆரம்பித்துவிட்டாள். நேற்றுவரை மகளும் கூடச் சேர்ந்துகொள்வாள். இன்று அவளுக்குத் தலை நிமிரவில்லை. தன் பொய்க்கு அண்ணி திட்டு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு வெட்கத்தோடு நின்றாள்.

அண்ணி ஒரு விரிப்பை உதறிக் கொடியில் போட்டாள்.

“நல்லா அழுத்தி மிதி,” என்றாள். “கை வெளிய தெரியுது.”