நடுவில் ஒரு கம்பி

...தூங்கக் கூடாது, அவ்வளவுதான், கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பது வேறு, தூங்குவது வேறு, இதில் என்ன கஷ்டம் என்று வெல்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் நகராட்சிக் கூட்ட அரங்கின் நடுவில், தான் மாதிரிக்குச் செய்து கொண்டுவந்த பெஞ்சின் மேலேயே, இத்தனை பேர் பார்க்க மல்லாந்து கிடப்போம் என்று அவர் நினைத்ததில்லை. பொது இடத்தில் யாரும் படுத்துத் தூங்கக் கூடாது என்று புது விதி வரப்போகிறது, அதற்குத் தோதாக நடுவில் கம்பி வளைத்த பெஞ்சுகள் ஊர் முழுக்கப் போடப்போகிறார்கள், அந்த ஆர்டர் கிடைத்தால் பட்டறை பிழைக்கும், இல்லையென்றால் மச்சினனின் டயர் கடையில் சேர்ந்து அவனை முதலாளி என்று கூப்பிட வேண்டும்... போயும் போயும் அவனை. “இதுல படுக்க முடியாதுன்னு என்ன நிச்சயம்?” என்று கேட்டது துணிக்கடைக்கார உறுப்பினர், தூங்குகிறவர்கள் மேல் தண்ணீர் ஊற்றி எழுப்ப வேண்டும் என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருப்பவர். “செஞ்சவரே படுத்துக் காட்டட்டுமே” என்றார் தலைவியம்மா. காட்டினார். கம்பி முதுகெலும்பில் சரியாக ஏறியது, ஐயோ என்றார், மனசுக்குள் ஒரே குளிர்ச்சி, ஆர்டர் கைக்கு வந்த மாதிரிதான்... அப்போது பார்த்து அந்த அம்மாள் எழுந்து வந்தாள், பஸ் நிறுத்தத்தில் படுப்பவள், விதி வேண்டாம் என்று பேச வந்தவள்.

“யாராவது இப்படிப் படுப்பாங்களா தம்பி, மரக்கட்டையாட்டம்? ஒருக்களிச்சுக்க. காலை அந்த வளைவுக்குள்ள விடு. ம்... இப்ப கம்பியைப் பிடிச்சுக்க, உருண்டு விழ மாட்ட. சாதா பெஞ்சுல இந்த வசதி கிடையாது.” யாரோ சிரித்தார்கள். வெல்டருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, இடுப்பு அப்பாடா என்றது. கம்பி எங்கேயும் உறுத்தவில்லை, எப்படி உறுத்தும், பிசிறு தெரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது, இரண்டு ராத்திரி உட்கார்ந்து தேய்த்திருக்கிறார், குத்தணும்னு கேட்ட கம்பியை யாராவது இப்படி வழவழன்னு தேய்ப்பாங்களா, உங்களுக்கு மூளை இருக்கா என்று வீட்டுக்காரி கேட்டாள், அப்போது சிரித்துவிட்டார், இருக்கா? இரண்டு ராத்திரித் தூக்கமும் இப்போது வட்டியோடு வந்து இமை மேல் உட்கார்ந்துகொண்டது... எழுந்துவிடலாம், முடியலைங்க, முதுகு போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இதோ சொல்கிறேன், இன்னும் கொஞ்ச நேரம், இந்த மூச்சு முடியட்டும்...

யாரோ மேசையைத் தட்டினார்கள், ஷ்ஷ் என்றது ஒரு குரல். தலைவியம்மாதான். “மெதுவாப் பேசுங்க, பாவம், அசந்துட்டாரு.” அசரலைங்க என்று வெல்டர் சொன்னார், வாய்க்குள். துணிக்கடைக்காரர் அடிமேல் அடி வைத்து நடப்பதும், செருப்பு கிறீச்சிட்டதும் நின்றுவிடுவதும் கேட்டது, தண்ணீர் பாட்டிலை யாரோ சத்தமில்லாமல் மூடி வைத்தார்கள், அந்த அம்மாள்கூடக் கிசுகிசுத்தாள், “எனக்கு ஒருநாளும் இப்படி வாய்ச்சதில்ல தம்பி.” அவளுக்கு ஏன் வாய்க்கவில்லை, அதே தூக்கம்தானே, அதே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு, எனக்குப் பெஞ்சு கொடுத்து ஊரையே அடக்கி வைத்திருக்கிறார்களே, எனக்கா, இல்லை இந்த இஸ்திரிச் சட்டைக்கா... “சரி, ஓட்டெடுப்பு. சத்தம் வேண்டாம், கையை மட்டும் தூக்குங்க” என்று தலைவியம்மா மூச்சாகச் சொன்னார். சட்டைகள் சரசரத்தன. எத்தனை கை, எந்தப் பக்கம்? கண்ணைத் திறந்தால் தெரிந்துவிடும். பட்டறை நிற்குமா போகுமா என்று தெரிந்துவிடும், அந்த அம்மாள் இன்று எங்கே படுப்பாள் என்றும். வெல்டர் கம்பியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.