முந்நூறு மில்லிமீட்டர்

ஆபீஸில் அவருக்குத் துறைமுகம் என்று பெயர். பெயர் வைத்தவன் வேலையை விட்டுப் போய் வருஷம் பல ஆயிற்று, பெயர் போகவில்லை. ஆர்க்கிடெக்ட்கள் அனுப்பும் வரைபடம் எதுவானாலும் அவர் கை வழியாகத்தான் கட்டடக் கணக்குப் போடும் சாஃப்ட்வேருக்குள் இறங்க வேண்டும். இறக்குமதி செய்கிறவரைத் துறைமுகம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது.

படிப்பு பெரிதாகக் கிடையாது. தாளில் கோடு இழுக்க வந்தார். கம்ப்யூட்டர் வந்ததும் அதில் கோடு இழுத்தார். இப்போது அடுத்தவன் இழுத்த கோட்டை உள்ளே இறக்குகிறார். இத்தனை வருஷத்தில் அவர் தெரிந்துகொண்டது, படம் போட்டு அனுப்புகிற எவனையும் நம்பக் கூடாது என்பதுதான். பார்க்க லட்சணமாக இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் உத்தரம் தூணைத் தொட்டிருக்காது, நான்கு விரல் தள்ளி அந்தரத்தில் நிற்கும். மனிதக் கண் அதை மன்னித்துவிடும். சாஃப்ட்வேர் மன்னிக்காது. உத்தரம் தொங்குகிறது என்று சிவப்பு எழுத்தில் கத்தும்.

கத்தலை நிறுத்தவும் அதிலேயே வழி உண்டு. படத்தை இறக்கும்போது ஒரு சின்னப் பெட்டி வந்து, எவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் முனைகளை ஒன்றாக ஒட்டட்டும் என்று கேட்கும். பத்து என்று போட்டால் பத்து மில்லிமீட்டருக்குள் இருப்பதை ஒட்டும். நூறு என்றால் நூறு. தொங்குகிற உத்தரமெல்லாம் நல்ல பிள்ளையாகத் தூணோடு போய்ச் சேர்ந்துகொள்ளும்.

அன்று காலை வந்தது ஆஸ்பத்திரிப் படம். ஒன்பது வருஷத்துக்கு முன் இதே ஆபீஸ் கணக்குப் போட்ட கட்டடம். ஆறு மாடியில் ஒன்று, அதை ஒட்டினாற்போல மூன்று மாடியில் ஒன்று. ஆறு மாடிக்கு மேல் இன்னும் இரண்டு மாடி எழுப்ப வேண்டும் என்று ஆஸ்பத்திரியை நடத்துகிற டாக்டர் கேட்டிருந்தார்.

துறைமுகத்துக்கு அது வெறும் கட்டடம் இல்லை. அங்கே ஐந்தாம் மாடியில் அவர் மனைவி படுத்திருந்தாள். நெஞ்சுத் தசை தளர்ந்துபோகிற வியாதி. மெஷின் முகமூடி இல்லாமல் இரண்டு மணி நேரம் தாங்குவாள், அதற்கு மேல் முடியாது. பதினாலு மாதமாக அந்தக் கட்டிலில்தான். இத்தனை நாள் வைத்துக்கொள்ள வேறு எந்த ஆஸ்பத்திரியும் சம்மதிக்கவில்லை. நம் கட்டடத்துக்குக் கணக்குப் போட்ட ஆபீஸ் ஆள் ஆயிற்றே என்று டாக்டர்தான் இடம் கொடுத்தார்.

பழைய படத்தை ஆர்க்கிடெக்ட் இந்தத் தடவை பிழையில்லாமல் திருத்தி வரைந்து அனுப்பியிருந்தார். அதையும் புதியதையும் சேர்த்து இறக்கினார். சாஃப்ட்வேரைப் போன வாரம்தான் புதிதாகப் போட்டிருந்தார்கள். அதனால் பெட்டியில் பழைய எண் போய்ப் பத்து என்று இருந்தது. அவசரத்தில் கவனிக்காமல் சரி என்று தட்டிவிட்டார்.

திரையில் கட்டடம் எழுந்தது. ஆறு மாடியும் மூன்று மாடியும் சந்திக்கிற இடத்தில் தூண்கள் இரண்டு வரிசையாக நின்றன.

"இதென்ன கூத்து," என்றார் துறைமுகம். பழைய கணக்கில் அங்கே ஒரே வரிசைதான். அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பெட்டியில் முந்நூறு போட்டு மறுபடி இறக்கினார். ஒரு வரிசை. பத்து போட்டார். இரண்டு வரிசை. முந்நூறு. ஒன்று.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அவை இரண்டு தனித்தனிக் கட்டடங்கள். நடுவில் மூன்று விரல் இடைவெளி, வேண்டுமென்றே விட்டது. இந்தப் பக்கம் ஒரு தூண் வரிசை, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டு வரிசைக்கும் மையத்திலிருந்து மையம் இருநூற்றைம்பது மில்லிமீட்டர். ஒன்பது வருஷத்துக்கு முன் அந்தப் படம் படு மோசமாக வந்தது. பத்து போட்டால் நானூறு பிழை, நூறு போட்டால் அறுபது. முந்நூறு போட்டதும் பூஜ்யம். 'முடிந்தது சார்' என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்ச் சொன்னது அவர்தான். தொங்கிய உத்தரங்களோடு அந்த இரண்டு வரிசைத் தூண்களையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்.

குட்டைக் கட்டடத்தில் எக்ஸ்ரே அறைகள். அதனால் கனத்த கான்கிரீட் சுவர்கள். கணினியில் நெட்டைக் கட்டடம் அந்தச் சுவர்களின் தோளில் சாய்ந்துகொண்டு சுகமாக நின்றது. காற்றடித்தால் அசையவில்லை. அசையாத கட்டடத்துக்கு ஏற்ற மெல்லிய தூண்கள் கணக்கில் வந்தன. ஆர்க்கிடெக்ட் படத்தில் இரண்டு வரிசை இருந்ததைப் பார்த்த இன்ஜினியர், கணக்கில் வந்த அளவையே இரண்டுக்கும் எழுதிவிட்டார். ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறதே என்று திருப்தி வேறு. நிஜத்தில் நெட்டைக் கட்டடம் யார் தோளிலும் சாயவில்லை. தனியாக நிற்கிறது.

பத்து போட்டு, புதிய மாடிகளை எடுத்துவிட்டு, பழைய ஆறு மாடிக்கு மட்டும் காற்றுக் கணக்கை ஓட்டினார். சாதாரணக் காற்றுக்குத் தாங்கியது. கட்டட விதிப் புத்தகத்தில் போட்டிருக்கிற பெருங்காற்றைக் கொடுத்ததும் தரையிலிருந்து மூன்றாம் மாடி வரை தூணெல்லாம் சிவந்துபோனது.

இன்ஜினியர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். சொல்லி முடிக்கும் வரை இன்ஜினியர் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

"யோவ், நீ கோடு இழுக்கிற ஆளு. கணக்கு எப்ப கத்துக்கிட்ட?"

"கணக்கு எனக்குத் தெரியாது சார். சிவப்பு தெரியும்."

இன்ஜினியர் தானே வந்து உட்கார்ந்து இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். இரண்டு தடவையும் சிவப்பு.

"ஒன்பது வருஷம் நின்னிருக்கு," என்றார்.

"பெருங்காத்து வரல சார்."

"வராமலே போகலாம்."

"வந்தா?"

"வந்தா எத்தனையோ கட்டடம் விழும். இது ஒண்ணுதானா?" எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "இதைச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? அன்னிக்கே சீல் வைப்பாங்க. என் கையெழுத்து போகும், சரி, போகட்டும். உள்ள இருக்கிறவங்க எங்க போவாங்க? உன் வீட்டுக்காரம்மா எங்க போகும்?"

"அதுக்குத்தான் சார் சொல்றேன். அவ அங்க இருக்கா."

"அதுக்குத்தான் நானும் சொல்லாதேங்கறேன்."

"சரி, மேல ரெண்டு மாடி வேண்டாம்னாவது எழுதிடுங்க. மண்ணு தாங்காதுன்னு ஏதாவது எழுதுங்க."

"எழுதினா டாக்டர் வேற இன்ஜினியரைப் பிடிப்பார். அவன் நம்ம பழைய கணக்கைத் தோண்டுவான். தோண்டினா இதே கதைதான்." திரும்பினார். குரல் தணிந்திருந்தது. "பெட்டியில பழையபடி முந்நூறு போடு. போட்டு இறக்கிக் கொடு. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

துறைமுகம் போடவில்லை. போடமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. சாப்பாட்டு நேரம் என்று எழுந்து கட்டட அனுமதி ஆபீசுக்குப் போனார். போகிற வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டார். அடுத்தவன் படத்தை நம்பாத மடையன், தன் பெட்டியை மட்டும் நம்பியிருக்கிறான்.

அங்கே இருந்த அதிகாரி சின்ன வயசுதான், மரியாதை தெரிந்தவன். நாற்காலி இழுத்துப் போட்டான்.

"நீங்க இன்ஜினியரா ஐயா?"

"இல்ல. படம் இறக்கறவன்."

"அப்ப உங்க புகாரை நான் பதிவு பண்ண முடியாதே. பதிவு பண்ண இன்ஜினியர் கையெழுத்து வேணும்."

"பதிவு பண்ண வேண்டாம் தம்பி. பாருங்க, போதும். அந்த ஆஸ்பத்திரிப் படம் உங்ககிட்ட இருக்கும். நீங்களே இறக்கிப் பாருங்க."

அவன் தேடி எடுத்து இறக்கினான். கட்டடம் எழுந்தது. ஒரு வரிசைத் தூண். கணக்கை ஓட்டினான். பச்சை, அடி முதல் உச்சி வரை பச்சை.

"எல்லாம் சரியா இருக்கே ஐயா."

துறைமுகம் திரைக்கு மூக்கை ஒட்டினாற்போல வைத்துப் பார்த்தார். மூலையில் பெட்டி. அதில் நானூறு என்று இருந்தது.

"அந்த நம்பரைக் குறைங்க. பத்து போடுங்க."

"அது எங்க ஆபீஸ் செட்டிங் ஐயா. பூட்டி வச்சிருக்காங்க. எத்தனை பேர் எத்தனை மாதிரிப் படம் அனுப்பறாங்க, பத்து போட்டா ஒரு படமும் உள்ள வராது." சிரித்தான். "மாத்தணும்னா மேல எழுதணும்."

"எழுதினா எத்தனை நாள்?"

"நான் வேலையில சேர்ந்த புதுசுல வேற ஒண்ணுக்கு எழுதினேன். பதில் வந்தா சொல்றேன்."

துறைமுகம் எழுந்தார். இந்த ஊரில் இன்னும் எத்தனை கட்டடம் திரையில் மட்டும் சாய்ந்துகொண்டு நிற்கிறதோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதை ஓரம் தள்ளினார். அவருக்கு ஒரு கட்டடமே தாங்கவில்லை.

நேரே டாக்டரிடம் போனார். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உங்க இன்ஜினியர் இப்பதான் போன் பண்ணினார். கணக்கு சரியா வந்துடுச்சு, ரெண்டு மாடி ஏத்தலாம்னு சொன்னார்."

"அவரே முந்நூறு போட்டு இறக்கியிருப்பார் டாக்டர்."

"எனக்கு அந்த முந்நூறும் புரியாது, பத்தும் புரியாது. நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ். அவர் படிச்சவர், கையெழுத்துப் போடறவர். நான் யாரை நம்பணும்?"

"என்னை நம்ப வேண்டாம். ஒரு சந்தேகத்துக்காவது காலி பண்ணுங்க."

"பண்றேன். முதல்ல எந்தக் கட்டில்? நீங்களே சொல்லுங்க. உங்க வீட்டம்மா கட்டிலா?"

அதில் கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"அவளை மட்டும் அந்தக் குட்டைக் கட்டடத்துக்கு மாத்த முடியுமா?" என்று கேட்டார் துறைமுகம். கேட்ட மாத்திரத்தில் அவருக்கே வெட்கமாக இருந்தது. மற்ற கட்டில்களை எல்லாம் ஒரே வாயில் விழுங்கிவிட்டாரே.

"மூச்சு மெஷினுக்கான லைன் ஐந்தாம் மாடியில மட்டும்தான் இருக்கு. அதை மாத்தத்தானே புது மாடியே கட்டறேன்."

மனைவி முகமூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அது அவள் பேசுகிற நேரம். பக்கத்துக் கட்டில் பெண் வெளியே பரிசோதனைக்குப் போயிருந்தாள்.

"என்னங்க இந்த நேரத்துல? வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"மூஞ்சி அப்படித்தான் இருக்கு."

சொல்லக் கூடாது என்றுதான் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பெட்டி, முந்நூறு, ஒட்டிப்போன தூண், பச்சை. அவள் பாதியில் நிறுத்தி, "அதாவது, உங்க கையால," என்றாள்.

"என் கையாலதான்."

கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள்.

"வீட்டுக்குப் போயிடலாம்," என்றார் அவர்.

"போயி? மெஷினை நீங்க வாயால ஊதுவீங்களா?"

"வாடகைக்கு ஒரு மெஷின்..."

"போன வருஷம் அதையும் பார்த்தோம்ல. கரண்டு போன அன்னிக்கு நான் எந்த நிறத்துல இருந்தேன்னு மறந்துட்டீங்களா?" அவர் கையைத் தட்டினாள், குழந்தையைத் தட்டுகிற மாதிரி. "ஒண்ணு சொல்லட்டுமா? இந்தக் கட்டடம் விழறதுக்குள்ள நான் போயிடுவேன். பந்தயம்."

"வாயைக் கழுவு."

"நான் சொல்றதுல என்ன தப்பு? உங்க கவலை என்னைப் பத்தின்னா, அது ரொம்ப நாளைக்கு இல்ல. மத்தவங்களைப் பத்தின்னா, அதுக்கு நான் என்ன சொல்றது?" மூச்சு வாங்கியது. "பக்கத்துக் கட்டில்காரிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பல்லி விழுந்தாலே அலறுவா."

முகமூடியை எடுத்து அவரே மாட்டிவிட்டார். மெஷின் அவளுக்காக மூச்சு விட ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு அவர் கட்டட அனுமதி ஆபீஸ் மேலதிகாரிக்கு இரண்டு கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. பெயர் போடாமல் ஒன்று, பெயர் போட்டு ஒன்று. இரண்டாவது இன்ஜினியர் கைக்கே திரும்பி வந்தது. இன்ஜினியர் கோபப்படவில்லை. கடிதத்தை நான்காக மடித்துத் துறைமுகத்தின் மேஜையில் வைத்துவிட்டு, "எழுத்துப் பிழை நிறைய இருக்கு," என்று மட்டும் சொன்னார். மறுநாள் துறைமுகத்தின் நாற்காலியில் வேறு ஒருவன் உட்கார்ந்திருந்தான். பெட்டியில் என்ன போடுகிறான் என்று போய்ப் பார்க்கவில்லை. என்ன போட்டால்தான் என்ன.

வேலை இல்லாததால் இப்போது காலையிலேயே ஐந்தாம் மாடிக்கு வந்துவிடுகிறார். செவிலியர்கள் வீட்டுக்குப் போகச் சொன்னால் கேட்பதில்லை. வானிலைச் செய்தி வந்தால் போனைக் காதோடு வைத்துக் கேட்கிறார். விழுந்தால் தானும் இங்கே இருக்க வேண்டும் என்று எங்கேயோ முடிவு செய்திருந்தார். அதனால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆடிக் காற்று ஓய்ந்த ஒரு பகல் பொழுதில் ஜன்னலுக்கு வெளியே இரும்புக் கயிறு கிறீச்சிட்டது. முதல் கான்கிரீட் வாளி கீழேயிருந்து மெல்ல மேலே ஏறி, ஜன்னலைத் தாண்டி, ஏழாம் மாடிக்குப் போயிற்று. வாளியின் விளிம்பிலிருந்து சாம்பல் நிறத்தில் வழிந்தது. மேலே யாரோ "இழு, இழு" என்று கத்தினார்கள். தலைக்கு மேல் எடை இறங்குகிற சத்தம் கேட்டது.

அவள் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள்.

"திரையை இழுத்து விடுங்க. தூசி வருது."

அவர் எழுந்துபோய்த் திரையை இழுத்துவிட்டார்.