டெஸ்டுக்குத் தூங்கணும்

அறை ஏற்கெனவே பேசி வைத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே உள்ள லாட்ஜ், இரண்டாம் மாடி, லிப்ட் உண்டு. அவளே மூன்று முறை போன் செய்து, ஜன்னல் தெருப்பக்கமா பின்பக்கமா என்பதுவரை கேட்டு வைத்திருந்தாள். ரயிலை விட்டு இறங்கியதும் நேரே அங்கே போவதாகத்தான் பேச்சு.

ரயில் நின்றபோது ஜன்னலுக்கு வெளியே நாத்தனார் நின்றிருந்தாள். பக்கத்தில் அவள் கணவர், கார் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டு.

உள்ளே அவள் தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மேலிருந்து பையை இறக்குவதில் மும்முரமாக இருந்தான். ஒரே ஒரு பை. அதை இறக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"நீங்க சொன்னீங்களா?"

"ரயில் எத்தனை மணிக்குன்னு கேட்டாங்க. சொன்னேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்" என்றாள் அவளும்.

குழந்தைக்கு இரண்டே முக்கால் வயது. சிட்டு என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. இன்று பதினோரு மணிக்குக் காதுப் பரிசோதனை. தலையில் ஒயர் ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, அது மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பார்கள். அந்த அரை மணி நேரமும் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். நெஞ்சில் சளி இருப்பதால் மருந்து கொடுத்துத் தூங்கவைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். விடியும் முன்பே எழுப்பிவிடுங்கள், வழியில் கண்ணயர விடாதீர்கள், களைத்து வந்தால் இங்கே தானாகத் தூங்கிவிடும் என்றார்கள். இன்று தவறினால் அடுத்த தேதி நான்கு மாதம் கழித்து. அதற்குள் மூன்று வயது நெருங்குவதென்ன, முடிந்தே போகும் என்று அவள் விரல் விட்டு எண்ணியிருந்தாள். பேச்சு வரவேண்டுமானால் மூன்று வயதுக்கு முன்பே சிகிச்சையை ஆரம்பியுங்கள் என்று ஊர் டாக்டர் சொன்னது அவள் காதிலேயே நின்றது.

அதனால்தான் எதிரே ஓர் அறை. காரில் ஏறினால் ஐந்தாவது நிமிஷம் சிட்டு தூங்கிவிடுவாள். நாத்தனார் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஒரு மணி நேரம்.

"லாட்ஜா?" நாத்தனார் பிளாட்பாரத்திலேயே பிடித்துக்கொண்டாள். "டேய் தம்பி, உங்கக்கா செத்துட்டான்னு யாராவது சொன்னாங்களா?"

"அப்படியில்ல அண்ணி. ஆஸ்பத்திரிக்கு எதிர்லயே இருக்கு..."

"எதிர்ல இருந்தா என்ன, உள்ளயே இருந்தா என்ன? அந்தத் தலகாணில யார் யார் தலை வெச்சாங்களோ! இந்த ஊர்ல கூடப்பிறந்தவ இருக்கறப்ப நீங்க லாட்ஜுல தங்கினா நாலு பேர் என்னைத்தானே கேப்பாங்க?"

"டெஸ்டு பதினோரு மணிக்கு அண்ணி."

"இப்ப மணி ஏழு. உங்கண்ணன் எதுக்கு இருக்காரு?"

நாத்தனார் கணவர் தொண்டையைச் செருமினார். அவருக்கு டிரைவிங் ஸ்கூல். "இருபத்திரண்டு வருஷமா வண்டி ஓட்டக் கத்துத் தரேன்மா. ஒன்பதே முக்காலுக்கு எடுத்தா பத்தே முக்காலுக்கு வாசல்ல நிறுத்திடுவேன்."

அவள் கணவன் மெதுவாக அவள் பக்கம் சாய்ந்தான். "முகம் கழுவிட்டு, ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்துடலாம். அப்புறம் நேரா லாட்ஜுதான்."

"அதை உங்கக்காகிட்ட சொல்லுங்க."

"நீயே சொல்லேன்."

ஊரில் அவன் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். எந்த மோட்டாரைக் கொண்டுவந்தாலும் பிரித்துப் பார்க்காமல் வாய் திறக்க மாட்டான். அக்கா விஷயத்தில் பிரித்துப் பார்த்த பிறகும் திறக்க மாட்டான்.

அவள் காரில் ஏறினாள்.

வழி முழுக்க ஈரக் கைக்குட்டையும் கையுமாக இருந்தாள். சிட்டுவின் கண் செருகும்போதெல்லாம் நெற்றியில் வைத்தாள். உள்ளங்காலைச் சுரண்டினாள். விழித்த கண்ணோடு குழந்தையை வீடு சேர்த்தபோது பாதிக் கிணறு தாண்டியது போலிருந்தது. மீதிப் பாதி இன்னும் இருந்தது.

மணி எட்டு ஐம்பது. குளிக்கப் போகுமுன் குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்தாள்.

"கொஞ்சம் பாத்துக்கோங்க அண்ணி. டெஸ்டுக்குப் புள்ள தூங்கணும்."

"அதை எங்கிட்ட விடு. நீ போய்க் குளி."

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். கூடத்தில் ஜன்னல் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. மின்விசிறி மெல்லச் சுற்றியது. சோபாவில் அவள் கணவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். தரையில் நாத்தனார் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் சிட்டு, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக.

நாத்தனார் உதட்டில் விரல் வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"முழிச்சு முழிச்சுப் பாத்தா. விடுவேனா? ஒரு டம்ளர் பால். முதுகுல நாலு தட்டு. அவ்வளவுதான்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்; மணி ஒன்பது.

"ஏன் அண்ணி தூங்க வெச்சீங்க?"

"நீதானே சொன்ன? டெஸ்டுக்குத் தூங்கணும்னு."

"டெஸ்டுல தூங்கணும் அண்ணி. அங்க போய்த் தூங்கணும்."

நாத்தனாரின் சிரிப்பு அப்படியே நின்றது. "பரீட்சைக்குப் படிக்கணும்னா முன்னாடிதானே படிப்பாங்க? பரீட்சைல உக்காந்துகிட்டா படிப்பாங்க?"

அவள் துண்டை வீசிவிட்டுப் போனைத் தேடினாள். அவள் பத்திரம் எழுதுபவரிடம் தட்டச்சு செய்கிறவள். ஓர் எழுத்து மாறினால் ஒருவன் கிணறு இன்னொருவன் நிலத்துக்குப் போய்விடும் என்று தெரிந்தவள். ஊரார் எழுத்தையெல்லாம் திருத்தியவளுக்குத் தன் வாயிலிருந்து வந்த ஒரு 'க்கு' தெரியாமல் போய்விட்டது.

கணவன் விழித்துக்கொண்டு உட்கார்ந்தான். பார்த்தான். புரிந்தது. "எழுப்பிடலாமா?"

அவள் அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருந்தாள். மறுமுனையில் இருந்த பெண் மூச்சு விடாமல் பேசினாள். "எழுப்பாதீங்க. எழுப்பினா இனி சாயங்காலம்தான் தூங்கும், எங்களுக்கு ரெண்டு மணியோட சரி. வழக்கமா எவ்வளவு நேரம் தூங்கும்?"

"ரெண்டு மணி நேரம்."

"அப்படியே தூக்கிட்டு வாங்க. பத்து மணிக் குழந்தைக்குக் காய்ச்சல், வரலை. பத்தரைக்குள்ள வந்தா உடனே எடுத்துக்கறோம்."

மூன்று மாடி. லிப்ட் நிற்கும்போது குலுங்கும் என்று படியிலேயே இறங்கினார்கள். அவள் குழந்தையின் தலையைத் தோளில் சாய்த்து, ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கினாள். முன்னால் கணவன் பின்பக்கமாக நடந்தான், விழுந்தால் பிடிப்பவன் போல. பின்னால் நாத்தனார், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. கீழே ஒருவர் "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் உதட்டில் விரல் வைத்தார்கள்.

கார் டிரைவிங் ஸ்கூல் கார். கூரையில் போர்டு, பின்னால் எல். பின் சீட்டில் அவள், மடியில் குழந்தை. பக்கத்தில் நாத்தனார் குழந்தையின் கால்களைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். முன்னால் அவள் கணவன், கற்றுத் தருபவர் உட்கார்கிற இடத்தில்.

கார் தண்ணீரில் போவது போலப் போனது. கியர் மாறியதே தெரியவில்லை. நாத்தனார் கணவர் ஹாரன் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. முன்னால் போனவர்கள் நகராவிட்டால் காத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் எல் போர்டைப் பார்த்துவிட்டுக் கத்தினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எல்லாம் சரியாப் போயிடும்" என்று நாத்தனார் அடிக்குரலில் சொன்னாள். "நம்ம வீட்ல பேச்சு லேட்டுத்தான். உன் புருஷனே மூணு வயசுலதான் வாயைத் தொறந்தான்."

"இன்னும் சரியாத் தொறக்கலை அண்ணி."

நாத்தனார் சிரிப்பை விழுங்கினாள். முன்னால் அவன் காது சிவந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. நாத்தனார் கணவரே காரை நிறுத்தியிருப்பார். ஆனால் கணவனின் கால் பதறித் தன் முன்னால் இருந்ததை மிதித்தது. அது கற்றுத் தருபவருக்கான இரண்டாவது பிரேக். கார் குலுங்கி நின்றது. அவள் முன் சீட்டில் முழங்கையை ஊன்றிக் குழந்தையை வயிற்றோடு அணைத்தாள்.

"காலை எடு மாப்பிள்ளை!" என்று நாத்தனார் கணவர் கிசுகிசுப்பாகவே அலறினார். "காலைத் தூக்கி மேல வை!"

சிட்டு முகத்தைச் சுளித்தாள். கண் பாதி திறந்தது, வெள்ளை தெரிந்தது. அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். சிட்டு அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து ஒரு முறை உறிஞ்சினாள். கண் மூடிக்கொண்டது.

மீதி வழியெல்லாம் அவள் கணவன் இரண்டு காலையும் மடக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மணி பத்து. பாலம் ஏறும் இடத்தில் ஒரு லாரி பக்கவாட்டில் வந்து, ஜன்னல் கண்ணாடி அதிரும்படி ஹாரன் அடித்தது. காரில் நான்கு பேருக்கும் தோள் தூக்கிப் போட்டது. ஐந்தாவது ஆள் அசையவில்லை.

"நல்லவேளை, முழிக்கலை" என்றாள் நாத்தனார்.

பாலத்தின்மேல் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் வந்து ஒட்டிக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. சைரன் காருக்குள்ளேயே இருப்பது போல ஊளையிட்டது. அவள் குனிந்து குழந்தையின் இமையைப் பார்த்தாள். முழித்துவிடாதே என்று வேண்டினாள். அதே மூச்சில் முழித்துவிடு என்றும் வேண்டினாள். எதை வேண்டுகிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

இமை அசையவில்லை. ஆம்புலன்ஸ் ஒருவழியாகத் தாண்டிப் போனது.

"நல்ல..." என்று தொடங்கிய நாத்தனார் முடிக்கவில்லை. சாலையைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். மறுபடி சாலையைப் பார்த்தாள்.

அடைத்துக்கொண்டு நின்ற ஒரு வேனுக்குப் பின்னால் கார் நின்றது. பத்து பதினைந்து.

அவள் சாதாரணக் குரலில் பேசினாள். அத்தனை கிசுகிசுப்புக்குப் பிறகு அது கத்துவது போல இருந்தது.

"மெதுவாப் பேச வேண்டாம் அண்ணி. சத்தமாவே பேசுங்க. அண்ணா, நீங்க ஹாரன் அடிங்க. அவளை அசைக்கத்தான் கூடாது."

நாத்தனார் கணவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் பார்வையை எடுக்கவில்லை. அவர் உள்ளங்கையை ஹாரன்மேல் வைத்து அழுத்தினார். விடாமல் அழுத்தினார். வேன் நகர்ந்தது. நாத்தனார் குழந்தையின் பாதத்தைப் பிடித்திருந்தாள், துடிக்கிறதா என்று பார்ப்பவள் போல.

பிறகு கார் வேகமாகப் போனது, வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு.

பத்து இருபத்தெட்டு. பரிசோதனை அறைக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி. சோதனை செய்யும் பெண் சிறு வயதுக்காரி, கை பரபரவென்று ஓடியது. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர். ஈரப் பஞ்சு பட்டதும் சிட்டு முனகினாள். அவ்வளவுதான்.

"நீங்க நாற்காலில உக்காருங்க. அசையாதீங்க."

திரையில் ஒரு கோடு ஓடியது. மூலையில் ஓர் எண், சத்தத்தின் அளவு. நாற்பது. அந்தப் பெண் காத்திருந்தாள். அறுபது. காத்திருந்தாள். எழுபது. நாற்காலியில் இருந்த அவளுக்கே குழந்தையின் காதிலிருந்து டக்டக்கென்று மெல்லிய சத்தம் கேட்கத் தொடங்கியது. எண்பது. கதவுக்குப் பின்னால் யாரோ விடாமல் தட்டுவது போலிருந்தது. தொண்ணூறு. அவள் விரல் நுனிகளைத் தொடைக்கடியில் வைத்து நசுக்கிக்கொண்டாள். சிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். உதட்டோரம் எச்சில் வழிந்தது. கோடு மேடு பள்ளமில்லாமல் அதன் பாட்டுக்கு ஓடியது.

பெண் எதையோ எழுதினாள். அடுத்த காதுக்கு மாற்றினாள். மறுபடி நாற்பதிலிருந்து.

முடிந்ததும் திரும்பினாள். "டாக்டர்தான் சொல்லணும்மா. நான் சொல்லக் கூடாது."

"எனக்கே கேட்டுச்சு" என்றாள் அவள்.

அந்தப் பெண் ஒயர்களைச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே, "வயசு என்ன?" என்றாள்.

"ரெண்டே முக்கால்."

"நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு டாக்டர். காது மெஷினுக்கு அச்சு எடுப்பாங்க, மெஷினை வெச்சுப் பாப்பாங்க. அதுக்குக் குழந்தை முழிச்சிருக்கணும். நல்லாத் தூங்கி எழுந்து, அழாம வரணும்."

வெளியே மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார நாற்காலி இருந்தும் யாரும் உட்காரவில்லை.

"ரெண்டு காதுமே" என்றாள்.

கணவன் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டான். தலையைத் தோளில் சரிசெய்தான். "எப்ப ஆரம்பிக்கலாமாம்?"

"நாளைக்கு. காலைல எட்டு மணிக்கு."

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. "நான் தூங்க வெச்சதால ஏதாவது தப்பா..."

"இல்ல அண்ணி. நல்லாத்தான் தூங்கினா."

கணவன் நாத்தனாரைப் பார்த்துத் திரும்பினான். அவன் குரல் தடுமாறவில்லை. "அக்கா, இன்னிக்கு நாங்க எதிர்லயே தங்கிடறோம்."

"நான் வேண்டாம்னா சொன்னேன்?" நாத்தனார் அவள் தோளிலிருந்த பையைப் பிடுங்கினாள். "ரூம்ல எத்தனை கட்டில்?"

"ரெண்டு."

"போதும்."

தன் கணவரிடம் வீட்டுக்குப் போய்த் தனக்கு ஒரு மாற்றுப் புடவை மட்டும் எடுத்துவரச் சொன்னாள். பையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். வாசலுக்கு வெளியே சாலையில் இரண்டு பக்கமும் வரிசையாக லாட்ஜ்கள். நாத்தனார் நின்று, திரும்பினாள்.

"எந்தப் பக்கம்?"